மூக்கு ஸ்ப்ரே சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா?

ராக்வீட் ரமணன்
ஜூலை 9, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து 19 வருஷம். முதல் நாலு வருஷம் ஒரு தும்மல்கூட இல்லை. ஐந்தாவது வருஷம் ஆகஸ்ட் நடுவில் பிடித்தது, இன்று வரை விடவில்லை. ராக்வீட் மகரந்தம் என்று தோலில் குத்திப் பார்த்துச் சொன்னார்கள். ஆகஸ்ட் 15 ஆனால் மூக்கே நாள்காட்டி. அக்டோபரில் உறைபனி விழும் வரை கண்ணும் மூக்கும் குழாய்தான்.

போன வாரம் நான் போகும் காது மூக்கு தொண்டை மருத்துவரின் இடத்தில் ஒரு சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் ஒரே போத்தலில் கலந்த புது ஸ்ப்ரே. 52 வாரம் அடிக்க வேண்டும். வேலை செய்கிறதா என்பதை முன்பே பார்த்துவிட்டார்களாம், இது பாதுகாப்பைப் பார்க்க மட்டும். 26 பக்கப் படிவம் தந்து வீட்டில் வைத்து வாசிக்கச் சொன்னார்கள்.

வாசித்தேன். 9ஆம் பக்கத்தில் "மூக்கின் நடுச்சுவரில் துளை விழலாம்" என்று இருக்கிறது. மனைவி அதோடு படிவத்தை மூடிவிட்டாள். என் கேள்விகள்:

எனக்கு நோய் இரண்டு மாதம்தான். ஒரு வருஷம் ஏன்? மூக்கு மருந்துக்குக் கண் பரிசோதனை எதற்கு? நாலில் ஒருவருக்கு மருந்து இல்லாத வெறும் தண்ணீர்தானாம், அதை அடித்துக்கொண்டு நான் ஏன் ஒரு வருஷம் அலைய வேண்டும்?

சந்தேகசாமி
ஜூலை 9, இரவு 11:05

சோதனை எலிக்கு 26 பக்கம் வாசிக்கத் தருகிறார்கள் என்றால் எலிக்கு மரியாதை கூடிவிட்டது. போகாதீர்கள் அண்ணா. கடையில் பத்துவகை ஸ்ப்ரே இருக்கும்போது பதினொன்றாவது எதற்கு?

நீலப்பேனா
ஜூலை 10, காலை 6:50

நான் 8 வருஷம் மருந்துச் சோதனைகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள். படிவங்களில் நீலப் பேனாவால் கையெழுத்து வாங்கி வாங்கியே இந்தப் பெயர். இப்போது அந்த வேலையில் இல்லை, யாருக்கும் ஆள் பிடிக்கவும் வரவில்லை.

ரமணன் அண்ணா, கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன். "வெறும் தண்ணீர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தண்ணீர் இல்லை. போத்தலில் இருக்கிற எல்லாம் அதிலும் இருக்கும், மருந்து ஒன்றைத் தவிர. கெட்டுப்போகாமல் இருக்க ஒரு வேதிப்பொருள் (பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு), மூக்கில் ஒட்டி நிற்க ஒரு குழகுழப்பு, அமிலத்தன்மையைச் சரிக்கட்ட ஒன்று. மூக்குக்குள் போவது அந்தக் கூட்டு முழுவதும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஓலோபட்டடின் என்ற அலர்ஜி மருந்தை மூக்கு ஸ்ப்ரேயாக்கிச் சோதித்த கதை இருக்கிறது. முதலில் செய்த கலவையில் போவிடோன் என்ற பொருளைச் சேர்த்திருந்தார்கள். ஒரு வருஷச் சோதனையில் 3 பேருக்கு நடுச்சுவரில் துளை. பிரித்துப் பார்த்தால், ஒருவர் மருந்து எடுத்தவர், மற்ற இரண்டு பேரும் மருந்தே இல்லாத திரவம் எடுத்தவர்கள்! அப்புறம் போவிடோனை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஒரு வருஷம் சோதித்தார்கள். ஒருவருக்கும் துளை இல்லை. அந்தக் கலவைதான் 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அந்த இரண்டு பேர் "வெறும் தண்ணீர்தானே" என்று பாதியில் வீட்டில் உட்கார்ந்திருந்தால், பழி மருந்தின் தலையில் விழுந்திருக்கும், அல்லது யாருக்கும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். நாலில் ஒருவராக நீங்கள் இருப்பது வேடிக்கை பார்க்க அல்ல.

மற்றக் கேள்விகளுக்கு மதியம் வருகிறேன், பிள்ளையைப் பள்ளிக்கு விட வேண்டும்.

கோவை கண்ணன்
ஜூலை 10, காலை 8:15

ராக்வீட் என்றால் கருவேலம் மாதிரி மரமா? எங்கள் பக்கம் இதைக் கேள்விப்பட்டதில்லை.

ராக்வீட் ரமணன்
ஜூலை 10, காலை 8:32

செடி தம்பி. இடுப்பளவு வளரும். இலை கிட்டத்தட்ட செவ்வந்தி இலை மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும், பூ இருப்பதே தெரியாது, பச்சையாகக் கதிர் மாதிரி நிற்கும். அதே காலத்தில் கோல்டன்ராட் என்று ஒன்று மஞ்சளாகப் பளிச்சென்று பூக்கும், எல்லாரும் அதைத்தான் திட்டுவார்கள். அதன் மகரந்தம் கனமானது, பூச்சிதான் தூக்கிப் போகும். இந்த அழுக்குப் பச்சைக்காரன்தான் காற்றில் பரப்புகிறவன்.

மருந்துக்கடை மலர்
ஜூலை 10, மதியம் 12:20

கண்ணன், உங்கள் ஊரில் அதன் பங்காளி இருக்கிறது. பார்த்தீனியம். ரயில் பாதை ஓரம், காலி மனை என்று எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்குமே, அதுதான். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு என்று பெங்களூரில் நடந்த ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். ஊரில் பார்த்தீனியத்தோடு வளர்ந்துவிட்டு இங்கே வந்து ராக்வீட்டில் மாட்டுகிறவர்கள் என் கவுன்டருக்கு வருகிறார்கள்.

நான் மிசிசாகாவில் மருந்தாளர். கண் பரிசோதனைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்டீராய்டு எந்த வழியாக உடம்புக்குள் போனாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். மாத்திரையில் அந்த ஆபத்து நன்றாகத் தெரிந்தது. மூக்கில் அடிக்கும் அளவு மைக்ரோகிராம் கணக்கு, அதனால் பயம் குறைவு. ஆனாலும் "குறைவு" என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சேரும்போது ஒரு முறை, பிறகு இடையிடையே கண் அழுத்தம் பார்ப்பார்கள்.

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கில் அடித்ததில் எவ்வளவு ரத்தத்துக்குப் போகிறது என்பது மருந்துக்கு மருந்து மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மொமெட்டசோன் 1 சதவீதத்துக்கும் கீழே. ஃப்ளூட்டிகசோன் 2க்கும் கீழே. பழைய பெக்ளோமெத்தசோன் 40ஐத் தாண்டும். உங்கள் படிவத்தில் எந்த ஸ்டீராய்டு என்று பாருங்கள் ரமணன்.

ராக்வீட் ரமணன்
ஜூலை 10, மதியம் 12:41

மொமெட்டசோன் என்றுதான் போட்டிருக்கிறது. அலர்ஜி மருந்து நீலப்பேனா சொன்ன அதே ஓலோபட்டடின்! வயிற்றில் புளி கரைத்துவிட்டீர்கள் தங்கச்சி.

நீலப்பேனா
ஜூலை 10, மதியம் 1:30

கரைக்க வேண்டாம் அண்ணா. படிவத்தில் உட்பொருள் பட்டியல் இருந்தால் போவிடோன் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் இல்லாவிட்டால் அவர்களைக் கேளுங்கள், சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு. இந்த இரண்டு மருந்தும் கலந்த ஒரு ஸ்ப்ரே 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. நம் மும்பைக் கம்பெனி க்ளென்மார்க் செய்தது. உங்களுடையது வேறு தயாரிப்பாக இருக்கலாம், ஆனால் கூட்டு புதிதில்லை.

இனி, ஒரு வருஷம் ஏன் என்று. உங்களுக்கு இரண்டு மாதம், சரி. ஆனால் கடைக்கு வந்தபிறகு யாரும் இரண்டு மாதத்தோடு நிறுத்தமாட்டார்கள். வசந்தத்தில் மர மகரந்தம், ஜூனில் புல், ஆகஸ்ட்டில் ராக்வீட், குளிர்காலத்தில் வீட்டுத் தூசு என்று வருஷம் முழுக்க அடிப்பார்கள். பலனைப் பார்க்க இரண்டு வாரம் போதும்: மூக்கடைப்பு, ஒழுகல், தும்மல், அரிப்பு நாலுக்கும் 0 முதல் 3 வரை மார்க் போட்டு, 12க்கு எவ்வளவு என்று காலையும் மாலையும் எழுதுவது. தீங்கைப் பார்க்க அது போதாது. மூக்கின் நடுச்சுவர் அரித்துப்போவது மெதுவாக நடக்கும் சங்கதி. முதலில் காய்ந்து போகும், பிறகு செதில், பிறகு சின்னப் புண், கடைசியில்தான் துளை. அதனால்தான் ஒவ்வொரு வருகையிலும் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்து, புண்ணின் அளவை எழுதிவைப்பார்கள்.

மருந்தை நெடுநாள் பயன்படுத்துவார்கள் என்றால் எத்தனை பேரிடம் பார்க்க வேண்டும் என்று 1994இல் ஒரு சர்வதேச வழிகாட்டி வந்தது. மொத்தம் சுமார் 1,500 பேர், அதில் 300 முதல் 600 பேர் ஆறு மாதம், குறைந்தது 100 பேர் ஒரு வருஷம். உங்கள் 52 வாரம் அங்கிருந்து வருவது.

சந்தேகசாமி
ஜூலை 10, மாலை 5:55

1,500 பேரிடம் பார்த்துவிட்டு கோடிப் பேருக்கு விற்பார்கள். இதைத்தான் நான் சொல்வது.

நீலப்பேனா
ஜூலை 10, மாலை 6:20

சாமி, இந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 600 பேரில் ஒருவருக்கும் ஒரு தீங்கு வரவில்லை என்றால், 3ஐ 600ஆல் வகுக்க வேண்டும். 200இல் ஒருவருக்கு வரக்கூடிய தீங்குகூட அந்த "ஒருவருக்கும் இல்லை"க்குள் ஒளிந்திருக்க இடமிருக்கிறது. 

மூக்கு விஷயத்திலேயே இது நடந்திருக்கிறது. 2000 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து ஒன்று விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பைத் தூண்ட ஒரு பாக்டீரிய நச்சைச் சேர்த்திருந்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் முகத்தில் ஒரு பக்கம் கோணிப்போன நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பிறகு ஒழுங்காகக் கணக்கெடுத்தபோது, போட்டுக்கொண்ட 10,000 பேரில் 13 பேருக்குக் கூடுதலாக வந்திருந்தது. அதாவது 770க்கு ஒருவர். சின்னச் சோதனையில் இது கண்ணில் பட வாய்ப்பே குறைவு. மருந்து சந்தையில் இருந்து போனது. 

சோதனை முடிந்தால் பாதுகாப்பு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் "போதாது" என்பதும் "வேண்டாம்" என்பதும் ஒன்றா?

கமலா ஆச்சி
ஜூலை 10, இரவு 9:10

பிள்ளைகள், இவ்வளவு நேரம் வாசிச்சுக்கொண்டிருந்தன். நான் ஒருக்கால் இப்படி ஒரு சோதனைக்குப் போய் வந்தவள். அப்ப வயது 61. தடிமன் எண்டு நினைச்சு மூண்டு வருஷம் குளிசை போட்டு, பிறகுதான் அலர்ஜி எண்டு தெரிஞ்சது.

முதல் மாதம் ஒண்டுமில்லை. மருந்து தொண்டையில இறங்கினால் வேப்பம்பழம் மாதிரி ஒரு கசப்பு. தேத்தண்ணி குடிச்சாலும் போகாது. எனக்கு அப்பவே விளங்கீட்டுது, எனக்குக் கிடைச்சது மருந்துதான் எண்டு. அவையள் சொல்லக்கூடாது, நான் கேக்கக்கூடாது, ஆனால் நாக்குக்குத் தெரியாதோ?

இரண்டாம் மாதம் ஒரு காலமை மூக்கைச் சீந்தினால் வெள்ளைக் கைலேஞ்சியில சிவப்புப் பொட்டு. குங்குமம் அளவுதான். உடனே போன் எடுத்தன். அடுத்த நாளே வரச்சொல்லி, நான் எப்படி அடிக்கிறன் எண்டு செய்து காட்டச் சொன்னா அந்தப் பிள்ளை. நான் வலக்கையால வலது மூக்குக்குள்ள நேரா நடுச்சுவருக்கு அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறன்! வலக்கையால இடது மூக்கு, இடக்கையால வலது மூக்கு, நுனி காதுப் பக்கம் சரிஞ்சு இருக்கவேணும் எண்டு பழக்கினா. தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, அடிச்ச கையோட உறிஞ்சாமல். பிறகு ரத்தம் வரேல்ல. ஆனால் அந்தப் பொட்டையும் படிவத்தில தேதி போட்டு எழுதினவை.

மருந்துக்கடை மலர்
ஜூலை 10, இரவு 9:48

ஆச்சி, நீங்கள் சொன்ன இரண்டுமே தங்கம். 

ஓலோபட்டடின், அதே மாதிரி இன்னொரு அலர்ஜி மருந்தான அசெலஸ்டின், இரண்டுக்கும் அந்தக் கசப்பு உண்டு. கசந்தவருக்குத் தனக்கு மருந்துதான் என்று தெரிந்துவிட்டால், "நன்றாக இருக்கிறது" என்று மார்க் போடும் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். "ரத்தம் வந்தது" என்று எழுதும் கையும்தான்.

கைமாற்றி அடிக்கும் வித்தையை நான் கவுன்டரில் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். பாதிப் பேர் தலையை அண்ணாந்துகொண்டு, மூக்கின் நடுவில் வைத்து, சர்ரென்று உறிஞ்சுவார்கள். சுவரில் புண், தொண்டையில் மருந்து, அலர்ஜி அப்படியே.

இன்னொன்று, இது ரமணனுக்கு இல்லாவிட்டாலும் வாசிக்கும் யாருக்காவது உதவும். எச்ஐவி மருந்துகளில் வரும் ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் எடுப்பவர்கள் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயைக் கேட்காமல் தொடவே கூடாது. கல்லீரல் அந்த ஸ்டீராய்டை உடைக்க விடாமல் இவை தடுத்துவிடும். ரத்தத்தில் தேங்கி, முகம் வீங்கி, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பே படுத்துவிடும். சோதனையில் சேரும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் கேட்பது இதற்காகத்தான். சித்த மருந்து, விட்டமின், ஊரில் இருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கோவை கண்ணன்
ஜூலை 11, காலை 7:30

என் அக்கா மகனுக்கு 7 வயது. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதினார். வளர்த்தி நின்றுவிடும் என்று பாட்டி ஒளித்து வைத்துவிட்டார். பாட்டி சரியா, டாக்டர் சரியா?

மருந்துக்கடை மலர்
ஜூலை 11, காலை 9:05

பாட்டியின் பயம் ஆகாயத்தில் இருந்து வரவில்லை. பெக்ளோமெத்தசோன் ஸ்ப்ரேயை 6 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 100 பேரிடம் ஒரு வருஷம் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்கள் 5.0 செ.மீ. வளர்ந்தார்கள், எடுக்காதவர்கள் 5.9. இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளால்தான் 1998இலேயே அமெரிக்காவில் எல்லா மூக்கு ஸ்டீராய்டுகளின் உறையிலும் வளர்ச்சி பற்றி எச்சரிக்கை போட வைத்தார்கள். ரத்தத்துக்கு அதிகம் போகாத புது மருந்துகளில் இந்த வித்தியாசம் சிறிது. நின்றுவிடாது, சற்று மெதுவாகலாம். அந்தக் குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை முறை என்று பார்த்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை சுவரில் கோடு போட்டு உயரம் அளக்கச் சொல்லுங்கள். ஒளித்து வைப்பதை மட்டும் பாட்டி நிறுத்த வேண்டும், இரவெல்லாம் மூக்கடைத்துத் தூங்காத குழந்தையும் நல்லா வளராது.

சந்தேகசாமி
ஜூலை 11, மாலை 6:40

சரி, இயற்கை மருந்துக்குப் போகலாமே? மூலிகை ஸ்ப்ரேக்கு இத்தனை பாடு இல்லை.

நீலப்பேனா
ஜூலை 11, இரவு 8:00

இத்தனை பாடு படாததுதான் ஆபத்து சாமி. அமெரிக்காவில் சைகேம் என்று சளிக்கு ஒரு மூக்கு ஜெல். துத்தநாகம் கலந்தது. ஹோமியோபதி என்ற பெயரில் விற்றதால் முன் அனுமதி தேவைப்படவில்லை. வாசனையே தெரியவில்லை என்று 130க்கு மேல் புகார் சேர்ந்த பிறகு, 2009 ஜூனில் "பயன்படுத்தாதீர்கள்" என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னது.

கோபம் வருவது எங்கே தெரியுமா? துத்தநாகம் மூக்கின் மணம் அறியும் சக்தியைக் கொல்லும் என்பது அதற்கு 72 வருஷம் முன்பே தெரியும். அதுவும் ரமணன் அண்ணா இருக்கும் இதே டொராண்டோவில்! 1937இல் போலியோ பரவியபோது, கிருமி மூக்கு வழியாகத்தான் போகிறது என்று நினைத்து, ஏறத்தாழ 5,000 பிள்ளைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டை அடித்தார்கள். போலியோவையும் தடுக்கவில்லை, சில பிள்ளைகளுக்கு மணமும் போனது.

மூக்கின் உச்சியில் மண நரம்பின் நுனிகள் திறந்தே கிடக்கின்றன. வயிற்றுக்காவது அமிலம் இருக்கிறது, தோலுக்குத் தடிப்பு இருக்கிறது. இதற்கு அப்படி ஒரு காவலும் கிடையாது.

ரமணன் அண்ணா, போவதானால் மூன்று கேள்வி கேளுங்கள். ஏதாவது ஆனால் நடுராத்திரியில் யாருக்கு அழைப்பது, அந்த எண்ணில் உண்மையில் ஆள் எடுக்கிறாரா? தீங்கு வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? இடையில் புதிதாக ஒரு ஆபத்து தெரிந்தால் எனக்கு எத்தனை நாளில் சொல்வீர்கள்? பதிலைப் படிவத்திலேயே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம், அது உங்கள் உரிமை. நாங்கள் முகம் சுளித்தாலும்.

ராக்வீட் ரமணன்
ஜூலை 24, இரவு 9:30

போய் வந்தேன். மனைவியும் கூட வந்தாள், மூன்று கேள்வியையும் அவளே கேட்டாள். நடுராத்திரி எண்ணுக்கு அந்த இடத்திலேயே போன் போட்டுப் பார்த்தாள்! ஆள் எடுத்தார். உட்பொருள் பட்டியலையும் காட்டினார்கள், போவிடோன் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிறகு தகுதிப் பரிசோதனை. மருத்துவர் மூக்கை விரித்து விளக்கைப் பிடித்தார். "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. இடது பக்கச் சுவரில் பயறளவுக்கு ஒரு புண், வலது பக்கம் காய்ந்த செதில். உள்ளே எல்லாம் சிவந்து வீங்கி இருக்கிறதாம். கடையில் வாங்கி ஏதாவது அடிக்கிறீர்களா என்றார். ஆமாம், மூக்கடைப்புக்கு அந்தச் சைலோமெட்டசோலின் ஸ்ப்ரே என்றேன். எத்தனை நாளாக? போன செப்டம்பரில் இருந்து.

சோதனையில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கனவே புண் உள்ள மூக்கில் புது மருந்தை அடித்தால், புண் எதனால் என்று யாருக்கும் தெரியாது என்றார் அவர். 

மருந்துக்கடை மலர்
ஜூலை 24, இரவு 9:52

செப்டம்பரில் இருந்தா!! அது மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் அடிக்கிற மருந்து. அதற்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். அடைப்பு என்று அடிப்பீர்கள், அடித்ததால் அடைக்கும். பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, 26 பக்கத்தை வாசித்தவர் பெட்டியின் நாலு வரியை வாசிக்கவில்லை. 

உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்துங்கள். அது திறந்த பிறகு மற்றது. இடையில் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே.

சந்தேகசாமி
ஜூலை 24, இரவு 10:10

சோதனைக்குப் போயிராவிட்டால் அந்தப் புண் தெரிந்தே இருக்காது. நான் இதைச் சொல்லவேண்டி வந்துவிட்டதே.

கமலா ஆச்சி
ஜூலை 25, காலை 6:05

தம்பி ரமணன், விரலை மட்டும் உள்ளுக்குள்ள விடாதையும்.

ராக்வீட் ரமணன்
ஆகஸ்ட் 6, காலை 5:20

வலது மூக்கு நேற்று இரவு திறந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கமாகக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இடது பக்கம் இன்னும் அடம். 15ஆம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது.